லேடிபேர்டு: அந்த 'லேடி' யார்?

 

போன வாரம் தம்பி மகள் போனில் கூப்பிட்டாள். "பெரியப்பா, பாப்பா புத்தகத்துல லேடிபேர்டுனு ஒரு பூச்சி வருதுங்க. பூச்சிக்கு எதுக்குங்க பறவைன்னு பேரு வெச்சாங்க? ஆம்பளைப் பூச்சி இருந்தா அதையும் லேடின்னுதான் சொல்லணுமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. போனில் சொன்னால் பாதிதான் போய்ச் சேரும். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஊர்ப்பக்கம் லேடிபேர்டு என்றால் முதலில் நினைவுக்கு வருவது சைக்கிள்தான். பி.எஸ்.ஏ. லேடிபேர்டு. நடுவில் பார் இல்லாமல், முன்னால் கூடை வைத்து, பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற சைக்கிள். லேடி என்றால் பெண், அதனால் அது பெண்கள் சைக்கிள் என்று நாமும் பொருள் செய்துகொண்டோம். உண்மையில் லேடிபேர்டு என்பது ஒரு சின்ன வண்டின் பெயர். சிவப்பு அல்லது ஆரஞ்சு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்து, பாதி மிளகு மாதிரி உருண்டையாக இருக்குமே, அதுதான். வேளாண்மைத் துறைப் புத்தகங்களில் 'பொறிவண்டு' என்று எழுதுவார்கள். பொறி என்றால் புள்ளி.

அந்த லேடி சாதாரணப் பெண்மணி இல்லை. அவர் கன்னி மரியாள், இயேசுவின் தாய். ஆங்கிலத்தில் மரியாளை 'அவர் லேடி', அதாவது 'நம் அன்னை' என்று சொல்வது பழைய வழக்கம். ஆக, லேடிபேர்டு என்றால் 'அன்னையின் பறவை'.

அப்படியானால் நடுவில் 'ஸ்' வர வேண்டாமா, 'லேடிஸ் பேர்டு' என்றுதானே இருக்க வேண்டும் என்று இலக்கணம் படித்தவர்கள் கேட்பீர்கள். பழைய ஆங்கிலத்தில் பெண்பால் சொற்கள் பலவற்றுக்கு உடைமையைக் காட்ட அந்த 'ஸ்' கிடையாது. அதன் மிச்சம் இன்னும் இருக்கிறது. மார்ச் 25ஆம் தேதி மரியாளுக்குத் தேவதூதர் மங்கள வார்த்தை சொன்ன திருநாள். அதை இங்கிலாந்தில் 'லேடி டே' என்கிறார்கள். அங்கேயும் 'ஸ்' இல்லை. அதே இலக்கணம்தான் வண்டின் பெயரிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஐரோப்பாவில் எல்லோருக்கும் பழக்கமான பொறிவண்டுக்கு முதுகில் ஏழு புள்ளி. மரியாளுக்கு ஏழு மகிழ்ச்சி, ஏழு துயரம் என்று கிறிஸ்தவர்கள் கணக்குச் சொல்வார்கள். நம் மாதா கோயில்களில் நெஞ்சில் ஏழு வாள் பாய்ந்தபடி வியாகுல மாதா சொரூபம் பார்த்திருப்பீர்களே, அந்த ஏழுதான். பழைய ஓவியங்களில் மரியாளுக்குச் சிவப்பு அங்கி போட்டிருப்பார்கள். சிவப்பு முதுகு அன்னையின் அங்கி, ஏழு புள்ளி அன்னையின் துயரம் என்று மக்கள் அதற்கு விளக்கம் சொன்னார்கள்.

ஆங்கிலேயர் மட்டும் இப்படிச் செய்யவில்லை. ஜெர்மன் மொழியில் அது 'மரியாளின் வண்டு'. டென்மார்க்கில் 'மரியாளின் கோழி'. ஸ்பானிய மொழியில் 'மரிகீத்தா', நாம் செல்லமாக 'மரியாக்குட்டி' என்போமே, அப்படி. நெதர்லாந்தில் 'அன்பு ஆண்டவரின் குட்டிப் பிராணி'. பிரெஞ்சுக்காரர்களிடம் 'நல்ல கடவுளின் பிராணி' என்று ஒரு பெயர் உண்டு. ரஷ்யாவில் 'கடவுளின் குட்டிப் பசு'. எபிரேய மொழியில் 'நம் ஆசான் மோசேயின் பசு'. ஆசிரியராக இருந்தவன் என்பதால் இந்தக் கடைசிப் பெயர் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும்.

ஒரு மொழியில் பறவை, ஒன்றில் கோழி, இரண்டில் பசு. இங்கிலாந்திலேயே சில பகுதிகளில் 'லேடி கவ்', அதாவது 'அன்னையின் பசு' என்றும் சொல்லியிருக்கிறார்கள். பிராணி மாறினாலும் உடைமைக்காரர் மாறவில்லை. எல்லா ஊரிலும் அது சாமியுடையது. கோயில் காளையை யாரும் அடிக்க மாட்டோமே, அந்த மாதிரி. அமெரிக்கா போனதும் அதுவே 'லேடிபக்' ஆயிற்று. விலங்கியல்படி அது பறவையும் இல்லை, பக் என்கிற மூட்டைப்பூச்சி இனமும் இல்லை. உறை போன்ற முன்னிறகு உடைய வண்டு இனம். காலப்போக்கில் லேடிபேர்டு செல்லப் பெயராகவும் ஆகிவிட்டது. ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகத்தில் செவிலித்தாய் ஜூலியட்டை அப்படித்தான் கூப்பிடுகிறாள். நாம் 'கிளியே', 'மயிலே' என்பதைப் போல.

சரி, மிளகளவு வண்டுக்கு இத்தனை மரியாதை எதற்கு? அது செய்கிற வேலைக்காக. தட்டைப்பயறு, அவரைக் கொடியின் கொழுந்தில் கறுப்பாக அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சுமே, அசுவினி, அதுதான் பொறிவண்டின் சாப்பாடு. நன்றாக வளர்ந்த வண்டு ஒரு நாளைக்கு ஐம்பது அசுவினி வரை தின்னும். அதன் புழுவும் அதையே தின்கிறது. அந்தக் காலத்தில் பயிரைப் பூச்சி அழித்தபோது விவசாயிகள் மரியாளிடம் வேண்டினார்கள், உடனே இந்த வண்டுகள் கூட்டமாக வந்து காப்பாற்றின, அதனால்தான் இந்தப் பெயர் என்று ஐரோப்பாவில் ஒரு கதை சொல்வார்கள். கதை கதையாகவே இருக்கட்டும். வயலுக்கு உதவி செய்கிற பூச்சியை அவர்கள் கவனித்திருக்கிறார்கள். கவனித்ததைப் பெயரில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இன்னும் ஒரு சுவையான செய்தி. லேடி என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் இரண்டு சொல் சேர்ந்து உண்டானது. முதல் பாதி ரொட்டி, இரண்டாம் பாதி பிசைதல். லேடி என்றால் 'ரொட்டிக்கு மாவு பிசைபவள்'. வீட்டுக்கே சோறு போடுகிறவள் என்ற மரியாதையில் தலைவிக்கு அந்தப் பெயர் வந்தது. இந்த மாவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் வேறொரு மாவு வரப்போகிறது.

அதற்கு முன் விஞ்ஞானப் பெயர். 1758இல் லின்னேயஸ் ஏழுபுள்ளி வண்டுக்கு 'காக்சினெல்லா செப்டம்பங்க்டாட்டா' என்று பெயர் வைத்தார். இரண்டாம் சொல்லுக்கு ஏழு புள்ளி என்று அர்த்தம். முதல் சொல், கருஞ்சிவப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு வேர் 'காக்கோஸ்' என்ற கிரேக்கச் சொல். காக்கோஸ் என்றால் சின்னப் பழம், விதை. மத்தியதரைக் கடல் பக்கத்து ஓக் மரங்களில் ஒட்டிக்கொண்டிருந்த உருண்டைகளைப் பழம் என்று நினைத்துப் பறித்து, அதிலிருந்து சிவப்புச் சாயம் எடுத்தார்கள். அது பழமில்லை, மரத்தில் ஒட்டிச் சாறு குடிக்கும் செதில்பூச்சி.

நம் வெண்ணந்தூர் தறிக்காரர்களுக்கு இது புதிதில்லை. அரக்குக் கலர் சேலை என்கிறோமே, அந்த அரக்கும் செதில்பூச்சி தருவதுதான். அவர்கள் பூச்சியின் பெயரால் சிவப்பைச் சொன்னார்கள், நாமும் அப்படியே சொன்னோம். ஆங்கிலத்தில் 'கிரிம்சன்' என்கிற சிவப்பு அரபு வழியாகப் போனது. அதன் அடிவேர் வடமொழிக் 'கிருமி' என்பார்கள். கொரோனா காலத்தில் தினமும் சொன்ன அதே கிருமி.

செதில்பூச்சிகளின் பெருங்குடும்பத்துக்கும் இந்தக் காக்கோஸிலிருந்துதான் பெயர் வைத்தார்கள். பொறிவண்டின் குடும்பப் பெயரும் அதிலிருந்துதான். ஆக, தின்கிறவனுக்கும் தின்னப்படுகிறவனுக்கும் ஒரே சொல்லில் பெயர் அமைந்துவிட்டது. பொறிவண்டுகளில் பல இனங்கள் செதில்பூச்சியையும் அதன் உறவான மாவுப்பூச்சியையுமே தேடித் தின்பவை.

இதை உலகமே கண்கூடாகப் பார்த்த சம்பவம் ஒன்று உண்டு. 1868 வாக்கில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு வெள்ளைச் செதில்பூச்சி கலிஃபோர்னியாவுக்கு வந்து சேர்ந்தது. இருபது வருடத்தில் அங்கே ஆரஞ்சுத் தோட்டங்கள் எல்லாம் பாழ். இதன் சொந்த ஊரில் இதைத் தின்ன ஏதாவது இருக்க வேண்டுமே என்று யோசித்து, ஆல்பர்ட் கோபல் என்பவரை 1888இல் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். அவர் கண்டுபிடித்து அனுப்பியது வேடாலியா என்கிற சிவப்புப் பொறிவண்டு. முதலில் உயிரோடு போய்ச் சேர்ந்தவை 129. மரத்துக்கு மேல் துணிக்கூடாரம் போட்டு அவற்றைப் பெருக்கினார்கள். இரண்டே வருடத்தில் தோட்டங்கள் மீண்டன. பூச்சியைக் கொண்டே பூச்சியைக் கட்டுப்படுத்தலாம் என்று உலகம் நம்பியது அதற்குப் பிறகுதான். அதே செதில்பூச்சி 1928 வாக்கில் நம் நீலகிரியில் சவுக்கு மாதிரி வளர்த்த வாட்டில் மரங்களுக்கு வந்தபோது, அதே வேடாலியாவை வரவழைத்துத்தான் அடக்கினார்கள்.

அதற்கும் முன்பே, 1898இல், தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களில் பச்சைச் செதில்பூச்சியை ஒழிக்க ஆஸ்திரேலியாவிலிருந்து வேறொரு பொறிவண்டைக் கொண்டுவந்தார்கள். பெயர் கிரிப்டோலேமஸ். வந்த வேலையில் அது பெரிதாகச் சாதிக்கவில்லை. ஆனால் இங்கேயே தங்கிப் பெருகி, மாவுப்பூச்சி தின்பதில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கிவிட்டது. இன்றைக்கு ஆய்வகங்களில் அரசாணிக்காய் மேல் மாவுப்பூச்சியை வளர்த்து, அதைத் தீனியாகப் போட்டு இந்த வண்டைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுக்கிறார்கள்.

மாவுப்பூச்சி! நான் சொன்ன இரண்டாவது மாவு இதுதான். உடம்பெல்லாம் மாவு தூவின மாதிரி இருப்பதால் நாம் அப்படிச் சொல்கிறோம். ஆங்கிலத்திலும் 'மீலிபக்' என்றால் மாவுப்பூச்சிதான். மாவு பிசைபவளின் பெயர் கொண்ட வண்டு மாவுப்பூச்சியைத் தின்கிறது. யாரும் திட்டமிட்டு வைத்ததில்லை, தற்செயல். ஆனால் பிள்ளைகளுக்குச் சொன்னால் மறக்கவே மாட்டார்கள்.

இந்த மாவுப்பூச்சி என்ன செய்யும் என்று நம் சேலம், நாமக்கல் பக்கத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. பப்பாளி, மல்பெரி, குச்சிக்கிழங்கு என்று எதையும் விடவில்லை. 2010இல் அமெரிக்காவின் புவேர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகே அடங்கியது. அடுத்து 2020இல் குச்சிக்கிழங்குக்கே உரிய வேறொரு மாவுப்பூச்சி கேரளாவில் தென்பட்டு, சீக்கிரமே நம் மாவட்டங்களுக்கும் வந்துவிட்டது. நுனிக் கொழுந்து எல்லாம் கொத்தாகச் சுருண்டு, குச்சி வளராமல் நின்றுபோனதைப் பார்த்தீர்கள். ஆண் துணை இல்லாமலே பெருகுகிற பூச்சி அது. சேகோ ஆலைக்குக் கிழங்கு ஓட்டிக் கடன் அடைக்கலாம் என்றிருந்தவர்கள் மருந்துக்கு மேல் மருந்தாக வாங்கி அடித்தார்கள். மாவுப் பூச்சு மேலே இருப்பதால் மருந்து அதன் உடம்பில் சரியாகப் படாது. சுற்றி இருக்கிற நல்ல பூச்சிகள் மேல் நன்றாகவே படும்.

அந்தச் சமயத்தில் என்னிடம் படித்த ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். "சார், சாதா மாவுப்பூச்சி போதாதுன்னு இப்ப பெருசா ஒண்ணு வந்துருக்குதுங்க. வெள்ளை வெள்ளையா நூல் விட்டுட்டு ஓடுது. எந்த மருந்து அடிக்கறதுங்க?" என்று கேட்டார். 'ஓடுது' என்ற ஒரு சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. மாவுப்பூச்சி ஓடாது, நகர்வதே மெல்லத்தான். "மருந்து அடிக்காதீங்க, வேளாண்மை ஆபீசுல காட்டுங்க" என்றேன். காட்டியதில் அது கிரிப்டோலேமஸ் வண்டின் புழு. அந்தப் புழுவின் உடம்பிலும் வெள்ளை மெழுகு நூல் தொங்கும். தான் தின்னும் பூச்சியைப் போலவே வேடம் போட்டிருக்கும். ஒரு நாள் முந்தியிருந்தால் அவர் உதவிக்கு வந்த ஆளையே கொன்றிருப்பார்.

அந்த வண்டே அவர் வயலைக் காப்பாற்றிவிட்டது என்று நான் சொல்லவில்லை. பெருந்தொல்லைக்குப் பெரிய மருந்தாக வந்தது இன்னொரு குளவி. ஆப்பிரிக்காவில் இதே பூச்சி குச்சிக்கிழங்கை அழித்தபோது, தென் அமெரிக்காவில் தேடிக் கண்டுபிடித்து விட்ட குளவி அது. அந்தப் பணிக்காக ஹான்ஸ் ஹெரன் என்ற விஞ்ஞானிக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பெங்களூரில் உள்ள பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் 2021இல் அதை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்தது. 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். குளவியானாலும் வண்டானாலும் ஒன்றுதான் நிபந்தனை. மருந்து அடித்துக்கொண்டே இருந்தால் இரண்டும் பிழைக்காது.

இனி நம் பக்கத்துக் கணக்கைப் பார்ப்போம். நம் முன்னோர்கள் சின்ன உயிர்களைக் கவனிக்காதவர்கள் இல்லை. முதல் மழைக்கு மண்ணிலிருந்து வெல்வெட் மாதிரி சிவப்பாக ஊர்ந்து வருமே, பட்டுப்பூச்சி என்போம், தம்பலப்பூச்சி என்றும் சொல்வார்கள். அதற்குச் சங்க இலக்கியத்தில் 'மூதாய்' என்று பெயர். முது தாய். வடமொழியில் 'இந்திரகோபம்', இந்திரனைக் காவலாகக் கொண்டது. (அதற்கு எட்டுக் கால், கணக்குப்படி பூச்சியில் சேராது.) ஒரு சின்னச் சிவப்பு உயிரைப் பார்த்ததும் அங்கே அன்னை நினைவு வந்தது. இங்கேயும் தாய் நினைவு வந்திருக்கிறது. எனக்கு இது பெரிய ஆச்சரியம்.

ஆனால் பொறிவண்டுக்கு அப்படி ஒரு பெயர் ஊர்ப் பேச்சில் நிலைக்கவில்லை. பொன்வண்டைத் தீப்பெட்டியில் வைத்து வளர்த்தோம், அதற்குப் பெயர் உண்டு. இதைப் 'புள்ளிப் பூச்சி' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. கத்தரி இலையைச் சுரண்டிச் சல்லடையாக்குகிற எபிலாக்னா வண்டும் இதே குடும்பம்தான், அதற்கும் புள்ளிதான். அதில் ஒரு வகைக்கு 28 புள்ளி. அதைப் பார்த்துப் பழகியவர்கள் புள்ளி வைத்த எல்லாவற்றையும் எதிரி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். குடும்பத்தில் ஒருவன் கெட்டால் எல்லோருக்கும் கெட்ட பெயர் என்கிற கதைதான்.

பிரித்துப் பார்ப்பது சுலபம். கத்தரியைக் கெடுக்கும் வண்டின் முதுகு மங்கலான செம்பு நிறம், மெல்லிய முடி இருக்கும், பளபளப்பு இருக்காது. அதன் புழு மஞ்சளாக முள் முள்ளாக இருக்கும், இலையைச் சுரண்டிக்கொண்டு கிடக்கும். நல்ல பொறிவண்டின் முதுகு எண்ணெய் தடவின மாதிரி மின்னும். புழு கருநிறத்தில் குட்டி முதலை போல நீளமாக, அசுவினிக் கூட்டத்துக்குள் சுறுசுறுப்பாக ஓடும். நம் சமவெளியில் அதிகம் தெரிவது ஏழுபுள்ளி வண்டு இல்லை. முதுகில் கறுப்புக் கோடு வளைந்து வளைந்து போகும் வகைகளே அதிகம். புள்ளியை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், மினுமினுப்பைப் பாருங்கள், என்ன தின்கிறது என்று பாருங்கள்.

விவசாயம் செய்கிற என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டுவதற்கு முன் பத்து நிமிடம் வயலில் உட்கார்ந்து பாருங்கள். பொறிவண்டும் அதன் புழுவும் கண்ணில் பட்டால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். பூச்சி பிடித்த நுனியை ஆரம்பத்திலேயே கிள்ளி எரியுங்கள். பூச்சி இல்லாத வயலிலிருந்து மட்டும் கரணை எடுங்கள். தெரியாத பூச்சி என்றால் மருந்துக் கடைக்குப் போகும் முன் வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள். வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள் மாடித் தோட்டத்திலாவது பிள்ளைகளுக்கு இந்த வண்டைக் காட்டி, பொறிவண்டு என்ற பெயரைச் சொல்லிக் கொடுங்கள். பெயர் தெரிந்த உயிரைப் பிள்ளைகள் நசுக்க மாட்டார்கள்.

தம்பி மகளுக்குப் பதில் சொல்லி முடிக்கிறேன்: ஆண் வண்டையும் லேடிபேர்டு என்றே சொல்லலாம் கண்ணு. பெயரில் இருக்கிற லேடி வண்டு இல்லை, வண்டுக்கு உடைமைக்காரி.

உங்கள் ஊரில், உங்கள் அப்பிச்சியோ அம்மாயியோ இந்த வண்டுக்கு வேறு ஏதாவது பெயர் சொல்லியிருந்தால் கீழே எழுதுங்கள். ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு நோட்டில் குறித்து வைக்கப் போகிறேன்.